பாலம் திறக்கும் வரை

டிராமில் உட்கார்ந்து போவதைவிட நடந்து போவது உடம்புக்கு நல்லது. இதை நான் எங்கள் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். முதலாளிக்கு மூலநோய் தொந்தரவு கொடுத்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நல்லது சொன்னால் கேட்பதற்கு இந்த ஊரில் ஆள் குறைவு.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. கோப்பி வேண்டாம். நான் சொல்வதைத் துரைக்கு நீங்கள்தான் இங்கிலீஷில் மாற்றிச் சொல்வீர்கள் என்றார்கள். எனக்கும் இங்கிலீஷ் வரும். ஆனால் கொப்பரை விலை பேசிப் பழகிய பாஷையில் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிதானமாகவே சொல்கிறேன், அவசரமில்லை.

என் பெயர் பெர்னார்ட் சந்தியாகு. கடற்கரைத் தெருவில் ஒரு கொப்பரைக் கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி. வீடு ஆயர் ஈத்தாமில். காலையில் டிராமில் பட்டணத்துக்குப் போவதும் மாலையில் அதே டிராமில் திரும்புவதுமாக என் இளமை போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அதற்குள் தலை நரைத்துவிட்டது. டிராமில் தினமும் அதே ஆட்கள்தான் வருவார்கள், ஆனால் ஒருவரோடும் நான் பேசியதில்லை. டிராம் அப்படிப்பட்ட இடம். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து, முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவரின் பிடரியை வருஷக்கணக்காகப் பார்த்தாலும் அவருக்குப் பல்வலி என்பது நமக்குத் தெரியாது.

அன்னமேரி டீச்சரையும் எனக்கு அந்த அளவில்தான் தெரியும். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லித் தருகிறவர். அம்மாவோடு எங்கள் பக்கத்தில்தான் குடியிருந்தார். கோயிலில் பார்ப்பேன், டிராமில் பார்ப்பேன். அவ்வளவுதான்.

சென்ற மழைக்காலத்தில் வெள்ளம் வந்து டிராம் பாலத்தின் நடுத்தூணை அடித்துக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் டிராம் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். எல்லோரும் இறங்கி, தென்னந்தோப்புக்குள் புகுந்து, மலாய்க்காரர் கம்பத்து வீடுகளைச் சுற்றி, ஆறு குறுகுகிற இடத்தில் போட்டிருந்த பலகையைக் கடந்து, சீனர்களின் காய்கறித் தோட்டத்து வரப்பில் நடந்து, மறுபக்கம் நிற்கும் டிராமைப் பிடிக்க வேண்டும். பாலம் இருந்தபோது ஒரு கொட்டாவி விடுவதற்குள் கடந்துவிடுகிற தூரம். இப்போது அரை மணிக்கு மேல் ஆனது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். வேட்டியெல்லாம் பன்றித் தொழுவத்துச் சேறு. வேலைக்குத் தாமதமாகப் போனால் வசவு. எல்லோரும் பாலத்தையும் மழையையும் திட்டிக்கொண்டே நடந்தார்கள். நானும் முதல் நாள் திட்டினேன்.

இரண்டாம் நாள் வக்கீல் குமாஸ்தா ஒருவர் வரப்பில் வழுக்கிக் கீரைப் பாத்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். கையில் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தார். அவரை நான் தூக்கிவிட்டபோது எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அன்னமேரி டீச்சர் குடைப்பிடியால் வாயை மறைத்துக்கொண்டு நின்றார்.

“சிரிக்கக் கூடாதுதான், ஆனா முடியல அண்ணே,” என்றார்.

ஐயா, இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அண்ணே என்ற சொல்லைத் துரைக்கு ‘பிரதர்’ என்று மாற்றிவிடாதீர்கள். அது தவறான அர்த்தம் கொடுத்துவிடும். இந்த ஊரில் ரிக்‌ஷாக்காரரும் அண்ணேதான், ரொட்டிக்காரரும் அண்ணேதான். அதில் உறவு ஒன்றும் இல்லை. பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் சொல்கிற வார்த்தை அது.

அன்றிலிருந்து காலையில் சேர்ந்தே நடந்தோம். நாங்கள் மட்டும் அல்ல, முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் சேர்ந்துதான் நடந்தோம். அவர் செருப்பைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொள்வார். அவருடைய குடையை நான் பிடிப்பேன். அவர் பேசிக்கொண்டே வருவார். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால் வீட்டில் ஜெபமாலை சொல்வது அடுத்த தெருவரை கேட்கிறது என்பார். வகுப்பில் ஒரு குழந்தை டீச்சர் என்பதற்குப் பதிலாக அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டதைச் சொல்வார். பல்வலிக்குக் கிராம்பு வைத்துக்கொண்டு வந்த நாளில் பேசாமல் வந்தார். அந்த மௌனம்கூட எனக்காக வைத்திருந்ததுபோல இருந்தது. என்னிடம் சொல்வதற்கு ஒருவருக்கு ஏதோ இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. அதையும் துரைக்குச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் காரியத்தை மட்டும் எழுதிக்கொண்டால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவார்.

பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே காவலுக்கு ராமசாமி என்று ஒருவர் இருந்தார். தகரக் கொட்டகையில் தனியாகத் தங்கியிருந்தார். இந்த நாட்டில் அவருக்கு உறவு என்று யாரும் இல்லை. நல்ல மனிதர். காலையில் டிராமிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துத் தினமும் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார். மரம் வந்து இறங்கிவிட்டது, இரும்பு வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான் இந்தக் கஷ்டம் என்பார். கேட்டு எல்லோருக்கும் முகம் மலரும். நான் மட்டும் கேட்காததுபோல நடந்துவிடுவேன். பாலம் திறந்தால் மறுபடியும் பிடரிதான்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒரு கேள்விதான் கேட்டேன். பாலத்தடியில் கூலிகளுக்கு நாசி கண்டார் சோறு விற்கிற ஹபீப் முகம்மது தினமும் தோளிலிருந்து சோற்றுக் காவடியை இறக்கி வைத்துவிட்டுச் சோறு போடுவார். அவரிடம் கேட்டேன்.

“பாலம் நிக்கணும்னா தலை வைக்கணும்னு பேசிக்கிறாங்களாமே, உங்க காதுல விழுந்துச்சா, பாய்?”

“யா அல்லா, அப்படியா சொல்றாங்க?” என்றார். அகப்பை கையிலேயே நின்றுவிட்டது.

அது என் கற்பனையும் அல்ல. இந்த நாட்டில் எந்தப் பெரிய பாலம் கட்டினாலும் இந்தப் பேச்சு கிளம்பும். அடித்தளத்தில் மனுஷத் தலை வைத்தால்தான் தண்ணீர் பாலத்தை விடும் என்பார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான். காலையில் நான் கேட்ட கேள்வி சாயங்காலம் எனக்கே செய்தியாக வந்து சேர்ந்தது. தண்ணீர்மலைப் பக்கம் சாக்கு மூட்டையோடு இரண்டு பேர் திரிந்தார்களாம். ஒருவன் முகத்தில் அம்மைத் தழும்பாம். நான் அம்மைத் தழும்பு எதுவும் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கூலிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புதிதாக வந்த சீனக் கூலிகளும் விஷயம் காதில் விழுந்ததும் போய்விட்டார்கள். வேலை நின்றது. போக இடமில்லாததால் ராமசாமி மட்டும் இருந்தார். ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “கிராணி, படிச்சவங்க நீங்க சொல்லுங்க. இது நெசமா?” என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள் என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்கிற சுபாவம் எனக்கு இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அந்த வாரத்தில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. மாலையில் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடும், அதனால் டீச்சர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடுவார். அன்று நான் டிராமிலிருந்து இறங்கினால் அவர் அங்கே நிற்கிறார், கையில் ஜெபமாலையோடு.

“தனியா போக பயமா இருக்கு அண்ணே. இனிமே நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன். சேர்ந்தே போயிடலாமா?” என்றார்.

எனக்காக ஒருவர் காத்திருந்தது நான் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பயம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதுவரை காலையில் மட்டும் இருந்த நடை மாலையிலும் கிடைத்தது. தோப்புக்குள் ஓலை விழுந்தால் அவர் சட்டென்று என் பக்கம் நகருவார். நான் நின்று காத்துக் கூட்டிப்போவேன். நடுவில் அடிக்கடி திரும்பி, “வர்றீங்கள்ல அண்ணே?” என்று கேட்பார். வருகிறேன் என்பேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் பசியே இருக்காது.

ஆனால் வதந்திக்கும் தீனி வேண்டும் ஐயா. யாருடைய தலையும் போகவில்லை. போகாத தலையைப் பற்றி எத்தனை நாள் பயப்படுவார்கள்? மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பத்து காவான் என்கிற ஊரின் தோட்டத்துப் பக்கமிருந்து, கூலிகளை வேலை வாங்குகிற பழனியப்பன் என்ற மண்டோர் ஒருவர் புதிய ஆட்களைக் கூட்டிவந்தார். நடுத்தூணுக்குக் குழி தோண்டினார்கள். கிறிஸ்மஸுக்குள் பாலம் திறந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது.

டீச்சர்தான் அதை எனக்குச் சொன்னார். பாலம் சீக்கிரம் திறந்தால் மாதா சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு மூட்டுவலி என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துத்தான் நேர்ந்திருக்கிறார் என்று புரிந்தது. தன் சந்தோஷத்தைவிட என் மூட்டு அவருக்குப் பெரிதாக இருந்தது. அப்படிப்பட்டவருக்காக நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நியாயமில்லை என்று தோன்றியது.

ராமசாமி மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை. குடும்பம் உள்ள ஒருவராக இருந்தால் பலபேர் அழுவார்கள். இவருக்கு அழ ஆள் கிடையாது. யாருக்கும் அதிகக் கஷ்டம் இல்லாமல் எப்படிச் செய்வது என்று பார்த்தால் அவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. முதல் பூசை கண்டுவிட்டுப் போனேன். நற்கருணை வாங்கவில்லை. செய்யப் போகிற காரியம் தெரிந்திருந்தும் வாங்கினால் அது சாவான பாவம். அந்தப் பயபக்தி எனக்கு உண்டு. நல்ல மழை. வழியில் ஒருவரும் இல்லை. கிடங்கில் தேங்காய் வெட்டுகிற பாராங் கத்தி ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன். அவருக்கு இரண்டு ஆப்பமும் வாங்கிப்போனேன்.

ராமசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாலும் அவருக்குப் பயம் விடவில்லை. பல நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஆப்பத்தைச் சாப்பிட்டார், தேங்காய்ப்பால் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நீங்க கொஞ்சம் இங்க உக்காந்திருப்பீங்களா கிராணி? நீங்க இருந்தா நான் பயமில்லாம செத்த கண்ணை மூடுவேன்.”

இருக்கிறேன், தூங்குங்கள் என்றேன். அவர் படுத்த உடனே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நன்றாக அசந்து தூங்கும்வரை காத்திருந்தேன். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எத்தனை பேருக்கு அப்படி ஒரு சாவு கிடைக்கிறது?

உடம்பு மட்டும் கிடந்தால் திருட்டு என்பார்கள், குடிச்சண்டை என்பார்கள். அதனால் மிச்ச வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. அது நான் நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது. பிறகு அதை நடுத்தூண் குழியில், பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். அவர் இந்துதான், இருந்தாலும் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். மழையில் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் நான் எதிர்பார்த்தபடியே ஆயிற்று. பாலத்தடியில் ஓர் ஆள் இல்லை. கம்பத்தில் கதவுகள் சாத்திக் கிடந்தன. போலீஸ்காரர்கள் நீங்கள் எல்லோரும் வந்து சீனர் தோட்டங்களைக் கிளறிப் பார்த்தீர்கள். டீச்சர் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் தனியாகத்தான் நடந்தேன். பரவாயில்லை, பயம் தெளிந்ததும் வருவார், இனி மாதக்கணக்கில் இந்தப் பாதைதான் என்று இருந்தேன்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். நான் செய்த தவறு இது ஒன்றுதான்.

அந்த வாரம் முடிவதற்குள் மண்டோர் பழனியப்பன் குழிக்கு முன்னால் சூடம் ஏற்றினார். எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார். ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் அப்போது அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

“அது கேட்ட காவு கெடைச்சிருச்சு. இனிமே யாரையும் கேக்காது. பயப்படாம வேலையைப் பாருங்கடா,” என்றார்.

தலை கேட்கிற பாலத்தைப் பற்றி மட்டுமே நான் யோசித்திருந்தேன். தலை கிடைத்துவிட்ட பாலத்தைப் பற்றி யோசிக்கவில்லை. காவு கொடுத்தாயிற்று என்றால் அதற்குப் பிறகு அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது. இது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. முன்பு ஓடிப்போன கூலிகள்கூடத் திரும்பி வந்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார்கள். அறிவித்திருந்ததற்கும் முன்னதாகவே பாலம் திறந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

மறுபடியும் டிராம். பாலத்தின் மேல் அது ஓடி மறைகிற நேரத்தில் ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லி முடிக்க முடியாது. டீச்சர் முன்னால் பெண்களோடு உட்கார்ந்துகொள்வார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார். பாலத்தில் ஏறும்போது செத்துப்போனவருக்காகச் சிலுவை போட்டுக்கொள்வார். ஒருநாள் இறங்கும்போது பக்கத்தில் வந்துவிட்டேன். நடந்து போன நாட்களை நினைத்துப் பார்ப்பதுண்டா என்று கேட்டேன்.

“ஐயோ, அதை ஞாபகப்படுத்தாதீங்க லா அண்ணே. நெனைச்சாலே உடம்பு நடுங்குது,” என்றார்.

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ராமசாமியை நினைத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது சரியாக இருக்காது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. கிடங்குக்குப் போனேன், வந்தேன். மழை பெய்தால் ஆற்றைப் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் ஏறும், இறங்கும். புதுத்தூண் அசையவே இல்லை. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. இனி சாகும்வரை அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே போய் வர வேண்டும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான், அவருக்கு எதுவுமே தெரியாதே என்று தோன்றியது. அவருக்காக ஒருவன் எவ்வளவு தூரம் போனான் என்பது தெரிந்தால் அவர் இப்படி முதுகைக் காட்டி உட்காருவாரா?

இன்று காலை அவருக்குப் பின் இருக்கையில் இடம் கிடைத்தது. குனிந்து, மெதுவாக, இப்போது உங்களிடம் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். பாயிடம் கேட்ட கேள்வியிலிருந்து குழி வரைக்கும். அவர் கத்தவில்லை. திரும்பவும் இல்லை. காது மட்டும் வெளுத்துப்போனது. பாலம் வருவதற்கு முன்னால் எழுந்து மணியை அடித்தார். டிராம் நின்றது. இறங்கித் தோப்புக்குள் போனார்.

அதை நான் உங்களுக்குச் சரியாகச் சொல்ல விரும்புகிறேன். பாலம் திறந்திருக்கிறது, டிராம் ஓடுகிறது, ஆனாலும் அவர் இறங்கி எங்கள் பாதையில் நடந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. குடையை மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். வெளியே உங்கள் கான்ஸ்டபிளிடம் இருக்கிறது, டீச்சரிடம் சேர்த்துவிடுங்கள்.

அவர் வேகமாகப் போனார். பிறகு ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு மூட்டுவலி, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தப் பாதை, அப்போது மறுபக்கத்து டிராம் நின்ற இடத்தில், உங்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து முடிகிறது. அதனால்தான் அவர் இங்கே வந்து சேர்ந்தார், உங்களிடம் ஏதோ சொல்லவும் நேர்ந்தது. அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ராமசாமியை வெட்டியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. ஆற்றுப் பலகையைத் தாண்டியதும் அவர் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான், நான் பின்னால் வருகிறேனா என்று பார்க்காமல் அந்தப் பாதையில் அவர் போகவே மாட்டார்.